தாராவியில் சுகாதார ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வித்தாளுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தாராவியில் ஒரு வீட்டு வாசலில் நின்று "அக்கா, ஒரு சர்வே" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அக்காவுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுகரோ பிரஷரோ இல்லை, வீடு. 2024-இல், பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடு வீடாக வந்து எண் எழுதிவிட்டுப் போனார்கள். 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம் என்பதற்குக் காகிதம் இருக்கிறதா, தரைத்தளமா மாடியா, சொந்த ரூமா வாடகையா என்பதையெல்லாம் வைத்துத்தான் ஒரு குடும்பம் இங்கேயே இருக்கப்போகிறதா வேறெங்காவது போகப்போகிறதா என்பது முடிவாகிறது. இப்போது உங்கள் ஆய்வின் கேள்வித்தாளை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், வீட்டில் எத்தனை பேர், சொந்தமா வாடகையா. அதே கேள்விகள். நீங்கள் மூச்சிரைப்பைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள் என்பது ஏழாவது பக்கத்தில்தான் தெரிகிறது, அதற்குள் அவர்கள் மனதில் பதில்கள் மாறிவிட்டிருக்கும்.

மும்பையில் சுகாதார ஆய்வுத் திட்டங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மொழி தெரியும் என்பதற்காகவே உங்களை முதலில் தாராவிக்கு அனுப்புவார்கள். நான் அங்கே பத்து வருடத்துக்கு மேல் களப்பணி செய்திருக்கிறேன். ஆபீஸில் "ஸ்டேக்ஹோல்டர் என்கேஜ்மென்ட்" என்று ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். ஆய்வோடு சம்பந்தப்பட்ட மக்களை, அதனால் நன்மையோ கெடுதலோ வரக்கூடிய எல்லோரையும், ஆய்வுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வதுதான் அது. கூட்டம் போட்டு, டீ கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வருவதை அந்தப் பெயரில் செய்துவிட முடியும், பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஒரே ஒரு சோதனை போதும்: நீங்கள் மக்களிடம் போகும் நாளில், அவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒன்று உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் தகவல் சொல்லத்தான் போகிறீர்கள், கேட்பதற்கு இல்லை.

ஆய்வுத் திட்டம் முடிவாகும் முன்பே போங்கள்

பெரும்பாலான ஆய்வுகளில் வரிசை இப்படி இருக்கும்: திட்டம் எழுதுவது, நிதி வாங்குவது, நெறிமுறைக் குழுவின் (ஆய்வால் மக்களுக்குக் கெடுதல் வராதா என்று பார்க்கும் குழு) அனுமதி வாங்குவது, அப்புறம் மக்களிடம் போவது. அனுமதி வந்த பிறகு கேள்வித்தாளில் ஒரு கேள்வியை மாற்ற வேண்டுமென்றாலும் மறுபடி அந்தக் குழுவுக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். மக்களுக்கான பாதுகாப்பு அது, சரியான விதிதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? மக்கள் நல்ல யோசனை சொன்னாலும் "இனிமேல் மாத்த முடியாதும்மா" என்று நாமே சொல்லும்படி ஆகிவிடுகிறது.

அதனால் திட்டம் வரைவாக இருக்கும்போதே போங்கள். முழு ஆய்வைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. "இந்தத் தெருவில் காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம், எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டாலே போதும். ஒருமுறை இப்படிக் கேட்டபோது, நாங்கள் மருந்தின் பக்கவிளைவு, தூரம், செலவு என்று எழுதி வைத்திருந்தோம். ஒரு அம்மா சொன்னார், மாத்திரை போட்டால் பசி எடுக்கிறது, வீட்டில் அந்தப் பசிக்குச் சோறு இல்லை, அதனால்தான் பையன் விட்டுவிட்டான் என்று. எங்கள் வரைவில் அந்த வாய்ப்பே இல்லை. காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த அம்மா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இன்னொன்று, பட்ஜெட். திட்டம் எழுதும் கட்டத்திலேயே கூட்டத்துக்கு இடவாடகை, வருகிறவர்களின் போக்குவரத்துச் செலவு, மொழிபெயர்ப்பு, ஆய்வு முடிந்த பிறகு முடிவுகளைச் சொல்ல நடத்தும் கூட்டங்கள் இவற்றுக்கெல்லாம் தனித்தனி வரியாகப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பின்னால் பணம் இருக்காது.

நோட்டுப் புத்தகம் இல்லாமல் நடங்கள்

முதல் இரண்டு வாரம் எதையும் எழுதாமல் நடந்து பாருங்கள். தொண்ணூறு அடி ரோடு, அறுபது அடி ரோடு, பதின்மூன்றாம் காம்பவுண்ட், கும்பார்வாடா என்று வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தனி ஊர். இட்லி வியாபாரம் செய்யும் வீடுகளில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு எரியும், காலை பத்து மணிக்கு அந்தப் பெண்கள் கண் சொக்கிப்போய் இருப்பார்கள், அப்போது போய் நாற்பது நிமிடக் கேள்வித்தாளைப் பிரித்தால் என்ன பதில் கிடைக்கும்? தண்ணீர் வரும் நேரம் ஒவ்வொரு சந்துக்கும் வேறு, அந்த நேரத்தில் எந்த வாசலிலும் நிற்காதீர்கள். தையல் வேலை, தோல் வேலை, பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான், அதிலும் மதியத்துக்கு மேல்தான்.

காலண்டரையும் பாருங்கள். தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டாலும் ஊர்த் தொடர்பு விடவில்லை. மே மாதப் பள்ளி விடுமுறையிலும் ஊர்க் கோவில் கொடை சமயத்திலும் பல வீடுகள் பூட்டியிருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிய ஆய்வை நவம்பரில் தொடங்கினால் மறுசந்திப்பு மே மாதத்தில் வந்து விழும். அதைப் பிறகு அறிக்கையில் "தொடர்பில் இல்லாதவர்கள்" என்று எழுதுவோம். அவர்கள் ஊரில் இருந்தார்கள், அவ்வளவுதான். ரயில் ஏறும் முன் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

யாரையெல்லாம் பார்க்க வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒரு தலைவரைத் தேடுவார்கள். சங்கத் தலைவர், கட்சிக்காரர், கோவில் கமிட்டிக்காரர். அவர்களைப் பார்க்கத்தான் வேண்டும், பார்க்காமல் உள்ளே போனால் மரியாதைக் குறைவு. ஆனால் அவர்களோடு நின்றுவிட்டால் ஆய்வு அவர்களுடையதாகிவிடும். எதிர்க்கட்சிக்காரர் தெருவில் அன்றைக்கே கதவு மூடிக்கொள்ளும்.

நான் போகும் வரிசை இது. முதலில் மாநகராட்சிக்காக வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆரோக்ய சேவிகாக்கள், ஆஷா பணியாளர்கள், அங்கன்வாடி டீச்சர்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் ஊருக்குப் போயிருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. உங்கள் ஆய்வுக்காக ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள், செய்யச் சொன்னால் ஊதியம் கொடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: தடுப்பூசி போடுகிற அக்காவே ஆய்வுக்கும் வந்து கேட்டால், மாட்டேன் என்று சொன்னால் நாளைக்குத் தடுப்பூசி கிடைக்காதோ என்று தாய்மார்கள் பயப்படலாம். அதனால் அவர்கள் அறிமுகம் செய்து வைக்கட்டும், சம்மதம் கேட்பது வேறு ஆளாக இருக்கட்டும்.

அடுத்தது சந்துக்குள் இருக்கும் தனியார் டாக்டர்கள். சயான் ஆஸ்பத்திரிக்கோ அதன் கிளையாக மக்கள் சோட்டா சயான் என்று சொல்லும் சுகாதார மையத்துக்கோ போகும் முன் மக்கள் போவது இவர்களிடம்தான். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட பிறகு, வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்ததில் மாநகராட்சியோடு இந்த டாக்டர்களும் சேர்ந்து நின்றார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தெட்ரோஸ் நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களின் பட்டியலில் இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியாவோடு தாராவியின் பெயரையும் சொன்னார். தெரிந்த முகம் வாசலில் வந்து நின்றதால் கதவு திறந்தது. உங்கள் ஆய்வுக்கும் அதுதான் வழி.

மருந்துக்கடைக்காரர், பச்சத் கட் (மகளிர் சேமிப்புக் குழு) நடத்தும் பெண்கள், பட்டறை முதலாளிகள், ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள், பொதுக் கழிப்பறையைப் பராமரிப்பவர் என்று பட்டியல் நீளும். அப்புறம் மாமியார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பற்றிய ஆய்வு என்றால் மருமகளிடம் பேசும் முன் மாமியாரிடம் உட்கார்ந்து பேசுங்கள், இல்லையென்றால் நீங்கள் போன பிறகு அந்தப் பெண்தான் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, யாருடைய குரல் எந்தக் கூட்டத்திலும் கேட்பதில்லையோ அவர்கள். தாராவியில் தமிழர்கள் மட்டும் இல்லை. பட்டறையிலேயே படுத்துத் தூங்கும் உத்தரப்பிரதேச, பீகார்ப் பையன்கள், தனியாக இருக்கும் விதவைகள், திருநங்கைகள், நோய் இருப்பதை மறைத்து வாழ்கிறவர்கள். இவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். நீங்கள்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

வார்த்தைகள்

இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து வரும் தமிழ்த் தகவல் தாள் பெரும்பாலும் பாடப்புத்தகத் தமிழில் இருக்கும். "நீரிழிவு", "உயர் இரத்த அழுத்தம்", "காசநோய்" என்று எழுதியிருக்கும். தெருவில் சுகர், பிரஷர், டிபி. "மாதிரி சேகரித்தல்" என்றால் யாருக்கும் புரியாது, "டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பது" என்று சொல்லுங்கள். எவ்வளவு என்று கேட்பார்கள், ஐந்து மில்லி என்றால் பயம் போகாது, ஒரு டீஸ்பூன் அளவு என்றால் போகும்.

"ஆராய்ச்சி" என்ற வார்த்தை பலருக்கு எலியையும் ஊசியையும் நினைவூட்டுகிறது. அதற்காக அந்த வார்த்தையை மறைத்துவிட்டு "இலவச மெடிக்கல் கேம்ப்" என்று சொல்லிவிடாதீர்கள், அது ஏமாற்று. இது சிகிச்சை இல்லை, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காகச் செய்வது, இதனால் உங்களுக்கு நேரடியாகப் பலன் இல்லாமலும் போகலாம் என்று நேராகச் சொல்லுங்கள். மருந்துச் சோதனையில் யாருக்கு எந்த மருந்து என்பது கம்ப்யூட்டர் முடிவு செய்வது என்றால் புரியாது. ஏலச்சீட்டுக்குப் பதிலாகக் குலுக்கல் சீட்டு நடத்தும் பெண்களிடம் "குலுக்கிப் போட்டு எடுப்பது மாதிரி, டாக்டரும் பார்த்துக் கொடுக்க முடியாது" என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். அதுவரை "டாக்டர் எனக்கு நல்லதாப் பார்த்துக் கொடுப்பார்" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், அனுபவத்தில் கற்றது. நான் வேலை பார்த்த முதல் ஆய்வு ஒன்றில் எல்லாத் தாள்களையும் தமிழில் அச்சடித்துக்கொண்டு போனோம். பாட்டிகளுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தது. இங்கேயே பிறந்து இந்தியிலும் மராத்தியிலும் இங்கிலீஷிலும் படித்த பேத்திகளுக்குப் பேசத்தான் தெரிந்தது. கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். அது சம்மதம் ஆகாது. இப்போதெல்லாம் எந்த மொழியில் பேச வேண்டும், எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று இரண்டு தனிக் கேள்வியாகக் கேட்கிறேன்.

ஆலோசனைக் குழு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், ஆய்வு நடக்கும் சமூகத்தை ஆலோசனைக் குழு போன்ற வழிகளில் சேர்த்துக்கொள்ளச் சொல்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும், அந்த நோயோடு வாழ்ந்தவர் இரண்டு பேராவது இருக்கட்டும். ஆனால் "இவருக்கு டிபி இருந்தது" என்று குழுவில் அறிமுகப்படுத்தாதீர்கள், அதை அவரே விரும்பினால் சொல்லட்டும்.

முதல் கூட்டத்திலேயே எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடுங்கள். எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பதை இந்தக் குழு மாற்ற முடியாது. எந்த நேரத்தில் வருவது, எந்தக் கேள்வி சங்கடமானது, ஆண் களப்பணியாளர் வீட்டுக்குள் வரலாமா, முடிவுகளை எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் மாற்ற முடியும். அவர்கள் ஒரு யோசனை சொன்னால் அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அது என்ன ஆனது என்று சொல்லுங்கள். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள். மூன்று கூட்டம் இப்படி நடந்தால் நான்காவதில் அவர்களே கூர்மையான கேள்விகளோடு வருவார்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் சொன்னதால்தான் நாங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட ஜீப்பையும் பையையும் நிறுத்தினோம். அந்தப் பை ஒரு வீட்டு வாசலில் தொங்கினால் அந்த வீட்டில் டிபி என்று தெரு முழுக்கத் தெரியும். வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு கல்யாணத்தைத் தொடும்.

அனுமதி வேறு, சம்மதம் வேறு

தலைவர் சரி என்று சொன்னால் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். அது எந்தத் தனி மனிதரின் சம்மதத்துக்கும் ஈடாகாது. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுள்ள ஏறக்குறைய 24,000 பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. ஆந்திராவில் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அவர்களில் பழங்குடிப் பிள்ளைகளும் உண்டு. 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது, 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. ஆய்வுக் காலத்தில் நடந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னது. நல்ல தடுப்பூசிதான், ஆனாலும் பெற்றோரைக் கேட்காமல் போட்டது சந்தேகத்தை விதைத்துவிட்டது.

சரி, நடைமுறை. தகவல் தாளின் ஒரு நகலை அவர்களிடம் கொடுத்துவிட்டு முடிந்தால் மறுநாள் வாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும், ரேகை வைத்த பிறகு சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "உங்க வீட்டுக்காரர் வந்து இது என்னன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள், புரிந்ததா இல்லையா என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும். மாட்டேன் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்திருங்கள். காரணம் கேட்காதீர்கள்.

வீடு பற்றிய பயத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி: இது மறுசீரமைப்பு சர்வே இல்லை, உங்கள் பெயரும் ரூம் எண்ணும் அரசிடமோ கட்டுகிற கம்பெனியிடமோ போகாது என்பதைத் தாளின் முதல் வரியாகப் போட்டோம். வாடகையா சொந்தமா என்ற கேள்வி ஆய்வுக்கு உண்மையிலேயே தேவையா என்று உட்கார்ந்து பேசியதில், தேவையில்லை என்று தெரிந்தது. எடுத்துவிட்டோம்.

பணம்

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தக் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கொடுப்பது நியாயம், விதிகளும் அனுமதிக்கின்றன. ஆபத்தை யோசிக்காமல் சேரும் அளவுக்கு அதிகமாகக் கொடுக்கக் கூடாது. தொகையை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே தொகை, எல்லோருக்கும் தெரிந்த தொகை.

ஆய்வு நடக்கும்போது

வதந்தி வரும், நிச்சயம் வரும். ரத்தத்தை விற்கிறார்கள், பிள்ளைக்கு ஊசி போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பும். கோபப்படாதீர்கள். யார், எங்கே, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு நாளுக்குள் அந்தச் சந்துக்கே போய் உட்காருங்கள். பல வதந்திகளுக்கு அடியில் ஒரு நிஜமான கேள்வி இருக்கும். எடுத்த ரத்தம் எங்கே போகிறது, மீதி என்ன ஆகிறது என்று நாம் சொல்லாமல் விட்டிருப்போம்.

இன்னொரு முன்னேற்பாடு: நீங்கள் பிரஷர் பார்க்கும்போது ஒருவருக்கு 200-க்கு மேல் இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்று வாரமாக இருமுகிறவரைக் கண்டால்? எந்த மையம், எந்த நேரம், யாரைப் பார்க்க வேண்டும் என்பது முதல் நாளுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, கூடவே போங்கள். தகவல் தாளில் நெறிமுறைக் குழுவின் போன் எண் இருக்கிறதா, அந்த எண்ணை எடுத்தால் பேசுகிறார்களா என்று ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள்.

திரும்பிப் போவது

ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "எத்தனை பேர் வந்து எழுதிட்டுப் போனீங்க, ஒருத்தராவது திரும்பி வந்து என்ன ஆச்சுன்னு சொன்னீங்களா தாயி?" எனக்குப் பதில் இல்லை. அப்போது எங்கள் ஆய்வு முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, கட்டுரை வெளிவந்திருந்தது, அதில் அந்தப் பாட்டியின் பதில்களும் எண்களாக இருந்தன.

ஒவ்வொருவருடைய டெஸ்ட் ரிப்போர்ட்டும் அவரவர் கையில் தனியாகப் போய்ச் சேர வேண்டும், அது முதலில், அதற்கு ஆய்வு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பிறகு மொத்த முடிவுகள். கட்டுரையை அனுப்பும் முன் ஆலோசனைக் குழுவிடம் காட்டுங்கள். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு வரி, நாளை செய்தித்தாளில் "தாராவியில் இத்தனை பேருக்கு நோய்" என்று தலைப்பாகி, இங்கிருந்து இட்லி வாங்குகிறவர்கள் வாங்காமல் போகலாம். அவர்கள் சொல்வதற்காக எண்ணை மாற்ற முடியாது. அந்த எண் ஏன் வந்தது, காற்றில்லாத பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுப்பதைப் பற்றி நாம் என்ன எழுதியிருக்கிறோம் என்பதைச் சேர்க்க முடியும், எப்படிச் சொல்வது என்பதை மாற்ற முடியும்.

முடிவைச் சொல்லும் கூட்டத்தை ஒரே பெரிய ஹாலில் வைக்காதீர்கள், நாற்காலி வரிசையில் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். சந்துக்குச் சந்து, பதினைந்து இருபது பேராக, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல், தமிழில் ஒன்று இந்தியில் ஒன்று. ஒரு பக்கத் தாள், படத்தோடு. மே மாதம் வேண்டாம், ஊருக்குப் போனவர்கள் திரும்பிப் பள்ளி திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டேன் என்று சொன்ன வீடுகளுக்கும் அந்தத் தாளைக் கொடுங்கள்.